கார் கம்பெனிக்கே மைலேஜ் பரீட்சை வைக்கும் அரசு... 'கஃபே' விதி என்றால் என்ன? சின்ன கார் சண்டை ஏன்?

கார் வாங்கப் போனால் நம்ம ஊரில் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். மத்திய அரசும் இதே கேள்வியைக் கேட்கிறது. ஆனால், ஒரு காரைப் பார்த்து அல்ல, மொத்த கம்பெனியையும் பார்த்து.

அந்தக் கணக்குக்குப் பெயர்தான் 'கஃபே'. காபி குடிக்கிற இடம் இல்லைங்க. 'கார்ப்பரேட் ஆவரேஜ் ஃப்யூயல் எஃபிஷியன்சி' என்பதன் சுருக்கம். இதன் மூன்றாம் கட்டத்தை 2027 ஏப்ரலில் தொடங்குவது திட்டம். அதற்கான வரைவு, கார் கம்பெனிகளையே இரண்டு அணியாகப் பிரித்துவிட்டது.

கணக்கு எப்படி?

ஒரு கம்பெனி ஒரு நிதியாண்டில் விற்ற எல்லா கார்களின் எரிபொருள் செலவையும் கூட்டி சராசரி எடுப்பார்கள். லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பெரிய எஸ்.யூ.வி.யை விற்கத் தடை இல்லை. ஆனால், அதை ஈடுகட்ட அதிக மைலேஜ் கார்களையும் விற்றாக வேண்டும்.

எலெக்ட்ரிக் கார் விற்றால் போனஸ். இரண்டாம் கட்ட விதிப்படி, சராசரி எடுக்கும்போது 1 எலெக்ட்ரிக் காரை 3 காராக எண்ணலாம். அதன் புகை கணக்கு பூஜ்யம் என்பதால், கம்பெனியின் சராசரி சட்டென்று இறங்கிவிடும்.

முதலில் தொடங்கியது அமெரிக்கா

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததும், பெட்ரோல் பங்க்குகளில் வரிசை கட்டி நின்றது அமெரிக்கா. 1975-ல் சட்டம் வந்தது. புதிய கார்களின் சராசரி, 1985-க்குள் கேலனுக்கு 27.5 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு சுமார் 11.7 கி.மீ. இன்று சாதாரணமாகத் தெரியலாம். அன்று ஓடியதைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால், சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. 'லைட் டிரக்' வகைக்குத் தனியாக, தளர்வான இலக்கு. பிக்கப், வேன், எஸ்.யூ.வி. எல்லாம் அந்தப் பட்டியலில் நுழைந்தன. அமெரிக்கச் சாலைகளில் எஸ்.யூ.வி. பெருக இதுவும் ஒரு காரணம். கார்களுக்கான இலக்கோ 1990 முதல் 2010 வரை அதே 27.5-ல் அப்படியே நின்றது.

ஒபாமா 2012-ல் 54.5 என்று உயர்த்தினார், டிரம்ப் 2020-ல் தளர்த்தினார், பைடன் மறுபடி இறுக்கினார். 2025-ல் வந்த டிரம்ப் சட்டம் அபராதத்தையே பூஜ்யம் ஆக்கிவிட்டது. விதி இருக்கு, மீறினால் பைசா கட்ட வேண்டாம்!

இந்தியாவில் என்ன நிலை?

தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியில் இருந்து வாங்கும் நாடு இது. 2015-ல் அறிவிக்கப்பட்ட விதி, 2017-18 நிதியாண்டில் அமலுக்கு வந்தது. முதல் கட்ட இலக்கு, 100 கி.மீ.க்கு 5.49 லிட்டர். 2022-23-ல் இரண்டாம் கட்டம், 4.77 லிட்டர். அதாவது லிட்டருக்கு சுமார் 21 கி.மீ.

இங்கேதான் சிக்கல். இந்த 4.77 எல்லோருக்கும் பொது இல்லை. விற்ற கார்களின் சராசரி எடை 1,082 கிலோ என்றால்தான் அந்த இலக்கு. எடை 100 கிலோ கூடினால் 0.2 லிட்டர் தளர்வு கிடைக்கும். குறைந்தால் அதே அளவு இறுக்கும். சராசரி 800 கிலோவில் கார் விற்கும் கம்பெனிக்கு இலக்கு சுமார் 4.2 லிட்டர்.

ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் சின்ன காருக்குக் கடினமான வினாத்தாள், கனமான காருக்குச் சலுகையா என்பதுதான் சின்ன கார் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

2025 செப்டம்பர் வரைவு இதற்கு ஒரு வழி சொன்னது. எடை 909 கிலோவுக்குள், நீளம் 4 மீட்டருக்குள், என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு, கி.மீ.க்கு 3 கிராம் கார்பன் டை ஆக்சைடு சலுகை. சின்ன கார்களை அதிகம் விற்கும் மாருதி சுஸூகி இதை வரவேற்றது. டாடா, மஹிந்திரா எதிர்த்தன. எடையை வைத்து சலுகை கொடுத்தால் ஒரே கம்பெனிதான் லாபம் பார்க்கும், பாதுகாப்பு அம்சங்கள் சேர்த்தால் காரின் எடை கூடத்தான் செய்யும் என்பது எதிர்த்தரப்பு வாதம்.

இத்தனை சண்டைக்கும் காரணம் அபராதம். 2022 சட்டத் திருத்தப்படி, இலக்கை 0.2 லிட்டர் வரை தாண்டினால் விற்ற ஒவ்வொரு காருக்கும் ரூ.25,000, அதற்கு மேல் போனால் ரூ.50,000. ஆண்டுக்கு 1 லட்சம் கார் விற்கும் கம்பெனிக்கு இது ரூ.250 கோடி அல்லது ரூ.500 கோடி.

கார் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மைலேஜ் எல்லாம் ஆய்வகத்தில், உருளைகள் மேல் காரை ஓட்டி எடுப்பது. சோதனையின் அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான். ஏசி போட்டு, கிண்டி டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் காருக்கு அந்த எண் வராது.