பாறசாலைச் சுவர்களில் ஒரு சங்கிலிப் படம்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் ரயிலைப் பிடித்தால், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் ஊர் போய்ச் சேரவேண்டும். பாறசாலையில் இறங்கி, எல்லையோரத்துக் கிராமங்களில் ஏதாவது ஒரு வேதக்கார வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். எதிர்ச்சுவரில் வரிசையாகப் படங்கள் இருக்கும். இயேசுநாதர், மாதா, அந்தோணியார், சவேரியார். அவர்களுக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு மனிதர். கைகளில் சங்கிலி, மண்டியிட்ட கால்கள், வானத்தைப் பார்க்கும் கண்கள்.

"இது யார் பாட்டி?" என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

"நம்ம தேவசகாயம் பிள்ளை, மக்களே" என்றார். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "பிள்ளை எண்ணு சொல்லப்பிடாதாம் இப்போ. சாமியார் சொன்னாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

படத்தின் அடியில் அச்சடித்த பெயரில் "பிள்ளை" அப்படியேதான் இருந்தது. பழைய படம். சுவரில் தொங்கும் ஒரு படத்தின் பெயரை மாற்றும் அளவுக்கு என்ன நடந்தது?

பார்த்து வரைந்தவர் எவருமில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்தில் இருக்கும் முகம் தேவசகாயத்தின் முகம்தான் என்று சாட்சி சொல்ல யாரும் கிடையாது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. போட்டோப் பெட்டி உலகத்துக்கு வர இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஓவியர்கள் பிற்காலத்தில் கேள்விப்பட்டதை வைத்து வரைந்ததுதான் இந்த உருவம்.

அதில் குறைவு ஒன்றுமில்லை. சவேரியார் கதையும் இதே மாதிரிதான். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரையான பூவார் தொடங்கி, தெற்கே பள்ளம் வரைக்கும் உள்ள முக்குவர் ஊர்களில் அவர் 1544-ல் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரு மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் என்று அவரே 1545 ஜனவரியில் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் 1552-ல் சீனக் கடற்கரைத் தீவொன்றில் இறந்தார். உடல் இன்றைக்கும் கோவாவில் இருக்கிறது. ஆனாலும், நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்த அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்று எங்கே கிடைத்தது தெரியுமா? ஜப்பானில்! கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் மறைத்து வைத்திருந்ததை, 1920-ல் ஒரு வீட்டில் கண்டெடுத்தார்கள். இப்போது கோபே நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வரைந்தவர்களும் சவேரியாரைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை.

ஆக, முகத்தை விட்டுவிட்டு, படத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரி. சவேரியார் படத்தில் சிலுவை. நம்மவர் படத்தில் சங்கிலி.

அரண்மனை வேலைக்காரர்

தேவசகாயம் பிறந்தது 1712-ல், மார்த்தாண்டத்துக்கு அருகே உள்ள நட்டாலத்தில். பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியாக பஸ்ஸில் போனால் அதிக நேரம் ஆகாது. பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். நாயர் குடும்பம். "பிள்ளை" என்பது திருவிதாங்கூரில் அந்தச் சமூகத்துப் பெரியவர்களுக்கு இருந்த பட்டம். பத்மநாபபுரத்தில் நீலகண்டசுவாமி கோயில் காரியங்களையும், பிறகு அரசாங்க வேலையையும் பார்த்து வந்தார்.

அப்போது ராஜா மார்த்தாண்டவர்மா. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் உள்ள "அம்மச்சிப் பிலாவு" பார்த்திருப்பீர்களே, எதிரிகளிடமிருந்து தப்ப அவர் ஒளிந்துகொண்டதாகச் சொல்லும் பலா மரம், அதே ராஜாதான். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிற்பாடு அதே ராஜாவின் படைகளைப் பயிற்றுவிப்பவராக மாறினார். டிலனாய் சரணடையும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது. தோற்றவனுக்குக்கூட அரண்மனைச் சுவரில் இடம் கிடைத்தது. அவனோடு பழகிய நீலகண்டனுக்கு ஏழைகள் வீட்டுச் சுவர்தான் கிடைத்தது.

குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம். மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் பைபிளிலிருந்து யோபுவின் கதையைச் சொன்னதாகக் கேள்வி. 1745-ல் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், சேசு சபைப் பாதிரியார் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். "கடவுளே துணை" என்ற பொருளுடைய லாசரு என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார்.

1749-ல் கைது. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது சனங்கள் காலங்காலமாய்ச் சொல்லிவரும் கதை. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்ததும், புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் முழங்கையால் பாறையில் முட்டத் தண்ணீர் வந்ததும் அதே கதையின் பகுதிகள். நெய்யாற்றின்கரைக்கு அடுத்த கமுகின்கோடு அந்தோணியார் கோயிலுக்கு அவர் வந்து ஜெபித்திருக்கிறார் என்பது ஊர் வழக்கு. கடைசியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அடக்கம்.

சில சரித்திர ஆசிரியர்கள் மதத்துக்காகக் கொன்றார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில்லை. அரசாங்கக் குற்றம் ஏதோ இருந்திருக்கும் என்பது அவர்கள் கட்சி. கொச்சி ஆயர் 1756-ல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கை, அவர் விசுவாசத்துக்காகவே மாண்டார் என்கிறது. நடந்து நான்கே வருடத்தில் எழுதியது அது. அந்த அறிக்கைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பட்டம் உதிர்ந்தது

2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15-ல் வாட்டிகனில், போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்றைக்கு அறிவிக்கப்பட்டவர்கள் பத்துப் பேர். குருவானவர் அல்லாத, இல்லறத்தில் இருந்த இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை.

இரண்டு விழாவுக்கும் நடுவில்தான் பெயர் மாறியது. 2012-ல் அழைத்தது தேவசகாயம் பிள்ளை. ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரும் வேறு சிலரும், "சாதிப் பட்டத்தோடு புனிதர் எப்படி?" என்று வாட்டிகனுக்கு எழுதினார்கள். ரோமில் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2022-ல் அழைத்தது தேவசகாயம் மட்டுமே.

இதில் மனம் வருந்தியவர்களும் உண்டு. இரு நூற்றாண்டுக்கு மேல் தாத்தா, பாட்டி சொல்லி வந்த பெயர். தேவசகாயம் பிள்ளை நாடகம் போட்டு இரவு முழுக்கக் கண் விழித்த ஊர்கள் நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் எத்தனையோ. "பிள்ளை"யை எடுத்தால் அவர் விட்டுவந்தது என்ன என்பதே தெரியாமல் போய்விடுமே என்று கேட்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் வாழ்ந்த கதையைக் கவனியுங்கள். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கூடி உண்டார், பழகினார் என்பதே அவர்மேல் சுமத்தப்பட்ட பெரிய குற்றங்களில் ஒன்று என்கிறார்கள். அந்தப் பட்டம் அவர் தலையில் இருந்தபோது கையில் சங்கிலி இல்லை. சங்கிலி வந்தபோது பட்டம் இல்லை. படத்தில் சங்கிலியை வரைந்துவிட்டு அடியில் பட்டத்தை எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகும். ரோமில் செய்ததைச் சரி என்றே நான் நினைக்கிறேன். பாட்டியின் நாக்கு பழகுவதற்கு இன்னும் சில வருடம் பிடிக்கும்.

படம் இல்லாதவர்கள்

கத்தோலிக்க வீட்டை விட்டு சி.எஸ்.ஐ. வீட்டுக்குப் போனால் சுவரே வேறு. புனிதர் படங்கள் கிடையாது. பழைய மிஷனரி ஐயர்மார் படம்தான் அங்கங்கே. 1859-ல் பாறசாலைக்கு வந்து ஊழியம் தொடங்கிய மட்டீர் ஐயரின் பெயர் இன்றும் திருவனந்தபுரம் எல்.எம்.எஸ். காம்பவுண்டில் இருக்கும் எம்.எம். சர்ச்சுக்கு இருக்கிறது. பஸ்ஸில் தினமும் அந்த ஸ்டாப்பைக் கடக்கும் நம்மவர்கள் பலருக்கு அந்த "எம்" யார் என்று தெரியாது. திருவிதாங்கூர் சனங்களைப் பற்றி அவர் 1871-ல் லண்டனில் புத்தகம் போட்டார். வெள்ளைக்காரர் நமக்கு எழுதிவைத்தது அது.

ஆனால் இந்த வழியின் முதல் மனிதர் வெள்ளைக்காரர் அல்ல. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். சாம்பவர் சாதி. சிதம்பரம் யாத்திரை போனவர் தஞ்சாவூரில் மிஷனரிகளைச் சந்தித்து வேதமாணிக்கம் ஆனார். இவர் அழைத்துத்தான் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. ரிங்கல்தௌபே 1816-ல் சம்பளத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கோட்டுகூட இல்லாமல், நாட்டுத் தொப்பியோடு மெட்ராஸுக்குப் போனார். பிறகு கடலில் போனவர் போனவரே. அவர் சபைகளை ஒப்படைத்துவிட்டுப் போனது வேதமாணிக்கத்திடம்.

அடுத்து வந்த மீட் ஐயர் படத்தை நாகர்கோவிலில் பார்க்கலாம். மால்ட் ஐயரின் மனைவி சொல்லிக் கொடுத்த லேஸ் பின்னல், அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையையே சம்பாதிக்க உதவியது என்பார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் முகமும் நமக்குத் தெரியாது. 1859-ல் தோள்சீலைக்காக நெய்யாற்றின்கரை, பாறசாலை வரைக்கும் கலகம் பரவியபோது, மாராப்பைக் கிழிக்க வந்தவர்களுக்கு முன்னால் நின்றார்களே, அவர்களுக்கும் சுவரில் இடமில்லை. ஊர் ஊராக நடந்து படிப்பித்த உபதேசியார்கள் கதையும் இதுதான். புனிதர் பட்டத்துக்கு வாட்டிகன் இருக்கிறது. இவர்களுக்கு யாரிடம் மனு போடுவது?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனது. 1959-ல் சி.எஸ்.ஐ. டயோசிஸும் கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டானது. 1996-ல் நெய்யாற்றின்கரை கத்தோலிக்கர்களுக்குத் தனி மறைமாவட்டம் வந்தது. இந்தப் பக்கம் பேரப் பிள்ளைகள் மலையாளத்தில் ஜெபம் சொல்கிறார்கள். பாட்டிக்கு மட்டும் இன்னும் தமிழ்தான் வருகிறது. நட்டாலம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. படம் இங்கேயே தொங்குகிறது.

தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் நாகர்கோவிலில் இறங்கினால் கோட்டாறு கோயில் பக்கம்தான். காற்றாடிமலைக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஆரல்வாய்மொழியில் இறங்கவேண்டும். காற்று பலமாக இருக்கும். குடை எடுத்துப் போகாதீர்கள்.