மண்ணில்லா மடை – 9: மாவாட்டியவரே தோசையும் ஊற்றினால்?

கீரை இலை ஏன் மஞ்சளாகிறது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வருகிறேன். மீன் தொட்டித் தண்ணீர் வடிகட்டி வழியாகச் செடிக்குப் போய்த் தொட்டிக்கே திரும்பும் அக்வாபோனிக்ஸ் சுற்று பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். இந்த வாரம் அந்த வடிகட்டியைத் தாண்டவே முடியவில்லை.

தீவனத்தில் உள்ள புரதத்தை மீன் செரித்தபின் மிஞ்சும் அம்மோனியா, பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் இறங்குகிறது. அது மீனுக்கே விஷம். வடிகட்டிக் கல்லில் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. செடிக்குச் சாப்பாடு அந்த நைட்ரேட்தான். இதில் மாவாட்டுவது ஒரு கூட்டம், தோசை ஊற்றுவது வேறு கூட்டம் என்பது 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் போட்டுவைத்த பாடம். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் அதை அசைக்கவில்லை.

இரண்டு வேலையையும் ஒரே உயிர் செய்ய முடியாதா? முடியும், மெதுவாக வளர்ந்தாலும் படலமாக ஒட்டி வாழும் இடங்களில் அது தாக்குப்பிடிக்கும் என்று 2006-ல் சிலர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஆள் மட்டும் அகப்படவில்லை. 2015 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள். வியன்னா குழு அதைப் பிடித்தது ரஷ்யாவில், 1,200 மீட்டர் ஆழ எண்ணெய்க் கிணற்றின் வெந்நீர்க் குழாயில் ஒட்டியிருந்த படலத்தில். நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழு எங்கே பிடித்தது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்! இரண்டு இடத்திலும் அகப்பட்டது நைட்ரோஸ்பைரா இனம். தோசை மட்டும் ஊற்றத் தெரிந்தவர் என்று ஓரமாக உட்கார வைத்திருந்தோமே, அவரேதான். மீன் வளர்ப்பவர்கள் 'சளி' என்று கழுவி ஊற்றியதற்குள் பேராசிரியர்கள் தேடிய உயிர் இருந்திருக்கிறது.

கழுவுவது என்றதும் ஒரு நண்பர் நினைவுக்கு வருகிறார். விருந்தாளி வருகிறார்கள் என்று வடிகட்டிக் கல்லையெல்லாம் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளபளவென்று தேய்த்து வைத்தார். சில நாளில் ஜிலேபி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காற்றுக் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றைப் பிடித்துச் செவுளைத் தூக்கினால் சிவப்பு இல்லை, காப்பிப்பொடி நிறம். கல்லில் இருந்த பாக்டீரியாக்கள் போனதால் தேங்கிய நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான். ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் போய்விடும். கொஞ்சம் உப்பு போட்டால் அதிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கைநிறைய அள்ளிப் போட்டால் செடி வாடும். வடிகட்டியை அலச வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், அதுவும் ஒரு பாதியை மட்டும். இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் நிலைகொள்ளவே வாரக்கணக்கில் ஆகும்.

மஞ்சள் இலைக்கு இடமில்லை. பக்கத்தை முடிக்கச் சொல்லி ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: நைட்ரேட் நிறைய இருந்தும் இலை மஞ்சளாகும். மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு கிடையாது. கரீபியன் தீவான செயின்ட் குரோயில் அக்வாபோனிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் ராக்கோசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் இரும்பு கலந்தது எதற்காக, எந்த வடிவத்தில் என்பது அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.