என்சைம் இருந்தால் மட்டும் போதுமா?



நம்ம ஒர்க் ஷாப்பில் ஷேப்பர், பிளேனர் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். ஷேப்பரில் டூல் ஓடும், ஜாப் நிற்கும். பிளேனரில் ஜாப் ஓடும், டூல் நிற்கும். நம் உடம்பின் செல்லுக்குள் டி.என்.ஏ. நகலாவது இதில் எந்த ரகம்?

ஒரு செல்லில் சுமார் 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. அதை வைத்திருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான்! செல் பிரியும் முன்பு அதன் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகளும் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் நகலாக வேண்டும். செய்வது டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற என்சைம். இவ்வகை என்சைமை முதலில் பாக்டீரியாவில் கண்டுபிடித்த ஆர்தர் கோர்ன்பெர்க் 1959-ல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, என்சைம் இருந்தால் வேலை நடந்துவிடுமா? நடக்காது என்றது தவளை முட்டை!

1986-ல் பிளோ, லாஸ்கி என்ற விஞ்ஞானிகள் தவளை முட்டைச் சாற்றில் டி.என்.ஏ.வைப் போட்டு நகலெடுக்க வைத்தார்கள். அந்தச் சாறு டி.என்.ஏ.வைச் சுற்றி முதலில் ஒரு உட்கருவைக் கட்டுகிறது. பிறகுதான் நகல் வேலை. 1990 வாக்கில், உட்கரு உறையை உள்ளிருந்து தாங்கும் லேமின் என்ற புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். என்சைம் இருந்தும் நகல் நடக்கவில்லை!

காரணம் 1998-ல் தெளிவானது. உட்கருவின் உள்சாற்றை மட்டும் திரட்டிச் செறிவாகச் சேர்த்தபோது, உறை இல்லாமலே வேலை நடந்தது. அப்படியென்றால் தேவையான புரதங்களை ஓரிடத்தில் கூட்டி வைப்பதுதான் உட்கருவின் முக்கியப் பங்கு. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அடுப்பு ஒரு தெருவுல, அம்மி ஒரு தெருவுல இருந்தா எப்படிடா சோறாக்குறது?" என்றார். அதேதான்!

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1993-ல் ஆக்ஸ்போர்டில் பீட்டர் குக் குழுவினர், உட்கருவின் சட்டகத்தோடு ஒட்டிய நகல் பட்டறைகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். என்சைம் அங்கேயே இருக்க, டி.என்.ஏ. அதன் வழியே இழுக்கப்படுகிறது என்பது அவர்கள் கருத்து. பிளேனர் ரகம்!

இது வெறும் ஏட்டு விஷயமில்லை. லேமின்-ஏ ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறினால், குழந்தைகளை முதுமை தாக்கும் புரோஜீரியா நோய் வருகிறது என்று 2003-ல் தெரிந்தது. அவர்களின் உட்கரு உருக்குலைகிறது, டி.என்.ஏ. பழுதும் சேருகிறது. பலர் பதினைந்து வயதைத் தாண்டுவதில்லை.

நண்பர்களே, டூல் எவ்வளவு கூர்மையானாலும் பெட் கோணினால் ஜாப் கெடும். உயிருக்கும் இதே கணக்குத்தான்!