காலடியில் ஒரு சின்ன கிரில்... பனி இரவில் டிரெய்லர் வீட்டைக் காப்பது இதுதான்!

நைட் ஷிஃப்ட்டில் பெரிய செய்தி எதுவும் வராத நேரங்களில் நான் பார்ப்பது டிராவல் டிரெய்லர் வீடியோக்கள்தான். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு அது. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' பார்த்தவர்களுக்கு இந்த நாடோடி வாழ்க்கை ஓரளவு தெரிந்திருக்கும். அதில் கதாநாயகி ஒரு வேனில் வாழ்வார். டிரெய்லர் அதற்கு அண்ணன் மாதிரி!

இந்த வீடியோக்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும. வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கிரில் ஒன்றைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார். நாய்முடி உருண்டை, லெகோ துண்டு, ஹேர்பின், சில்லறைக் காசு என ஒவ்வொன்றாக வெளியே வரும். 'இதுக்கெல்லாம் ஒரு வீடியோவா?' என்று ஆரம்பத்தில் நானும் ஸ்கிப் செய்திருக்கிறேன். அந்தக் கிரில்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஸ்கிப் செய்வதில்லை.

டிரெய்லரில் ஃபர்னஸ் என்று ஒரு சூடேற்றும் இயந்திரம் இருக்கும். புரொப்பேன் கேஸில் எரிவது. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. பியூட்டேன் பூஜ்ய டிகிரி குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அதனால்தான் அங்கே புரொப்பேன். அது எரிந்து ஒரு இரும்பு அறையைச் சூடாக்க, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஃபேன் அந்த அறையைச் சுற்றிக் காற்றை ஊதும். சூடான காற்று தரைக்கு அடியில் ஓடும் டக்ட் வழியாகப் போய், அந்தக் கிரில்கள் வழியே மேலே வரும். எரிந்த புகை தனிக்குழாயில் வெளியே போய்விடும். வீட்டுக்குள் வரும் காற்றும் புகையும் எங்கேயும் கலக்கக் கூடாது. மொத்த ஏற்பாடும் நிற்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சூடு போகாமல் அடைத்தால்?

கிரில் தரையில் இருப்பதால், பெருக்கும்போது பாதி குப்பை அதற்குள்தான் போகும். அதோடு, தரை விரிப்பை அதன்மேல் போட்டுவிடுவார்கள். 'இந்த ரூமில் யாரும் படுக்கவில்லையே' என்று கிரில்லின் தகட்டை மூடிவிடுபவர்களும் உண்டு. நமக்கு இது மின்விசிறியை அணைத்து கரன்ட் மிச்சம் பிடிக்கிற மாதிரி தோன்றும். இங்கே கதை வேறு. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் இரும்பு அறை அளவுக்கு மீறிச் சூடாகும். உடனே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் தீயை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி அணையும். அறை சூடாகவே ஆகாது. ஃபேன் மட்டும் ஓடி ஓடி, விடியற்காலையில் பேட்டரி காலி. வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

காற்றை உள்ளிழுக்கும் கிரில் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் ஃபர்னஸ் இருக்கும் அலமாரிக் கதவிலோ கட்டிலுக்குக் கீழேயோ இருக்கும். அதன் முன்னால் ஷூ, பெட்டி, போர்வை என்று அடுக்கிவைத்தாலும் இதே பிரச்னைதான்.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சர்யம். பல டிரெய்லர்களில் டக்ட்டின் ஒரு கிளை வீட்டுக்குள் வராமல் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் இருக்கும் பகுதிக்குப் போகிறது. கேஸ் செலவை மிச்சம் பிடிக்க எலெக்ட்ரிக் ஹீட்டர் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அறை கதகதப்பாக இருப்பதால் ஃபர்னஸ் ஓடவே ஓடாது. கீழே குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவிகிதம் விரியும். பிறகு குழாய் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேக்குவம் கிளீனரை எடுப்பதற்கு முன்...

சுத்தம் செய்வது பெரிய வித்தையில்லை. தெர்மோஸ்டாட்டை அணைத்து, எல்லாம் ஆறிய பிறகு கிரில்லைத் தூக்கலாம். சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். கிரில்லை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். டக்ட்டுக்குள் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. புது டிரெய்லர்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். தொழிற்சாலையில் வேலை நடந்தபோது விழுந்த மரத்தூளும் ஸ்க்ரூவும் உள்ளேயே கிடப்பது சகஜம்.

ஆனால் உள்ளே பார்த்ததும் கறுப்பாக அரிசி அளவில் புழுக்கை தெரிந்தால், வேக்குவம் கிளீனரைக் கீழே வைத்துவிடுங்கள். எலி வந்து போயிருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த டிரெய்லரில் வளைந்த டக்ட் எலிக்கு சொகுசு பங்களா. அமெரிக்காவில் சில வகைக் காட்டு எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்புகின்றன. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினாலோ வேக்குவம் போட்டாலோ அது தூசியாகப் பறந்து நுரையீரலுக்குப் போகும். 2012-ல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போன 10 பேருக்கு இந்த நோய் வந்து, 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தங்கியது இரட்டைச் சுவர் கொண்ட கூடாரக் குடில்களில். அந்தச் சுவர் இடுக்கில் எலிகள் கூடு கட்டியிருந்தன.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி சொல்லும் முறை இது. முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சம் நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஊறியதும் பேப்பர் டவலால் துடைத்து எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். கூடு டக்ட்டுக்குள் கை எட்டாத தூரத்தில் இருந்தால், அந்த வளையும் குழாயையே மாற்றிவிடுவது நல்லது. அதன் விலைக்காக யோசிக்கிற இடமில்லை இது.

எல்லாக் கிரில்லிலும் சூடு வந்து ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், அந்தக் குழாய் எங்காவது கழன்றிருக்கலாம். ஒட்ட அலுமினிய ஃபாயில் டேப்தான் சரி. சாம்பல் நிறத் துணி டேப்புக்கு 'டக்ட் டேப்' என்று பெயர் இருந்தாலும் டக்ட்டுக்கு அது ஆகாது! 1998-ல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பலவகை டேப்புகளைச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது கைவிட்டது அதுதான்.

பொருள்கள் விழாமல் இருக்க கிரில்லுக்குக் கீழே வலை வைக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் கொசுவலை மாதிரி நெருக்கமான வலை வேண்டாம். இரண்டே வாரத்தில் பஞ்சும் முடியும் சேர்ந்து அதுவே அடைப்பாகிவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும்.

வெளிப்புறத்தில் புகை போகும் வாயையும் பார்க்க வேண்டும். குளவி மண்கூடு கட்டிவிடும். அந்த வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, இரும்பு அறையில் விரிசல் விழுந்திருந்தாலோ, அது நாமே கை வைக்கிற வேலை இல்லை. டெக்னீஷியன் வரும்வரை ஃபர்னஸைப் போடக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். டிரெய்லரில் இதற்கான அலாரமும், தரையோரத்தில் கேஸ் கசிவு அலாரமும் இருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அது கீழே. இரண்டுக்கும் ஆயுள் சில வருடங்கள்தான். காலாவதித் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும்.

குளிர்காலத்தின் முதல் முறை ஃபர்னஸ் போட்டதும் கருகிய வாசனை வரும், ஸ்மோக் அலாரமும் கத்தலாம். கோடை முழுக்கப் படிந்த தூசி எரிவதுதான் காரணம். அதனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, பகல் நேரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஒருமுறை ஓடவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனோ மகளோ லீவுக்கு டிரெய்லர் வாடகைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னால், இந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுங்கள். சாவி வாங்கும்போதே மொத்தம் எத்தனை கிரில் என்று கேட்டு எண்ணிக்கொள்ளட்டும். ஃபர்னஸை ஓடவிட்டு ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பார்க்கட்டும். அணைத்து ஆறியதும், போன் டார்ச்சை அடித்து உள்ளே ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். அலாரத்தின் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்த பிறகு வண்டியை எடுக்கலாம்.