கோரையில் எழுதும் கோலம்

திண்டுக்கல் வட்டாரத்துக் கல்யாண வீடுகளில், சீர்வரிசையோடு சுருட்டி வைத்த கோரைப்பாயைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதை விரித்துப் பாருங்கள். சிவப்பு, பச்சைப் பட்டைகள் பெரும்பாலும் பாயின் குறுக்கேதான் ஓடும். ஏன்?

பாயின் நீளவாட்டில் செல்பவை பாவு நூல்கள். குறுக்கே ஊடையாகச் செல்வது கோரை. சாயத்தில் முழுவதும் முக்கிய கோரைக்கு நுனி முதல் அடி வரை ஒரே நிறம். அத்தகைய கோரைகளை அடுக்கினால் பட்டைகள்தாம் கிடைக்கும். பூவோ எழுத்தோ கிடைக்காது.

இதைத் தொலைக்காட்சியோடு ஒப்பிடலாம். படக்குழாய்ப் பெட்டிகள் இருந்த காலத்தில், நம் நாட்டில் ஒரு படம் 625 வரிகளாகப் பிரித்து அனுப்பப்பட்டது. ஒவ்வொரு வரியிலும் இடத்துக்கு இடம் ஒளி கூடிக் குறைந்ததால்தான் உருவம் தோன்றியது. கோரையும் ஒரு வரியே. வரியின் நடுவே நிறம் மாறினால்தான் உருவம் பிறக்கும்.

மத்திய ஆசியாவின் கசாக் மக்கள் இதற்கு ஓர் அருமையான வழி கண்டார்கள். புல்வெளியில் வளரும் 'சீ' என்ற உயரமான புல்லின் தண்டை உரித்து, அதன்மேல் சாயமிட்ட கம்பளி இழையைச் சுற்றுகிறார்கள். நீலம் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு என்று அளந்து நிறத்தை மாற்றுகிறார்கள். அந்தத் தண்டுகளை வரிசையாகக் கோத்துக் கட்டினால், ஆட்டுக்கடாவின் சுருண்ட கொம்பு தோன்றுகிறது! மந்தையே செல்வமாக வாழ்ந்த மக்களுக்கு அது வளத்தின் சின்னம். நீலம் வானத்தையும் சிவப்பு நெருப்பையும் குறிக்கும் என்பார்கள். இத்தட்டி அவர்களுடைய வட்டக் கூடாரத்தின் சுவரை அணி செய்யும். அக்கூடாரம் அமைக்கும் கலையை யுனெஸ்கோ 2014-இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையும் இளைத்ததல்ல. அங்கே கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, துணி போல மடிக்கக்கூடிய பாய் நெய்கிறார்கள். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையே நெய்து கொடுப்பதுண்டு. எழுத்து என்றால் வரிக்கு வரி நிறம் மாறும் இடத்தை எண்ணியாக வேண்டும். ஓர் இடம் தவறினாலும் எழுத்து கோணிவிடும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். வரைபடத்தாளில் 10 கட்டத்துக்கு 10 கட்டம் எடுத்துக்கொண்டு, கட்டங்களை நிரப்பி ஒரு வட்டம் வரையுங்கள். விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். இப்போது 40-க்கு 40 எடுங்கள். வட்டம் வழவழப்பாகும், நிரப்பவேண்டிய கட்டங்களோ 16 மடங்கு! இழை மெலிய மெலிய உருவம் தெளிவதும், நெய்யும் நாட்கள் நீள்வதும் ஏன் என்பது இப்போது விளங்கும்.

அச்சிட்ட பிளாஸ்டிக் பாயில் கோலத்தை இயந்திரம் ஒரு நொடியில் ஒட்டிவிடும். கோரைப்பாயின் கோலமோ நெய்பவரின் கணக்கில் இருக்கிறது. அடுத்த தலைமுறை அந்தக் கணக்கைக் கற்காவிட்டால், கோரை ஆற்றங்கரையில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். கோலம் மட்டும் இருக்காது.