சாக்குக்குள் பன்றிக் குட்டி

இங்கிலீஷில் ‘பையிங் எ பிக் இன் எ போக்’ என்று ஒரு வழக்கு உண்டு. இதைத் தமிழில் எழுதச் சொன்னபோது என் வகுப்பு மாணவன் ஒருவன், “பன்றியைக் குத்தி வாங்குதல்” என்று எழுதிவிட்டான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. ‘போக்’ என்றால் குத்துதல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தருகிறோம். இந்தப் ‘போக்’ வேறு. சாக்கு அல்லது பை என்பது இதன் பொருள். நாம் சட்டையில் தைத்துக் கொள்ளும் ‘பாக்கெட்’ இதன் குழந்தை; அதாவது சின்னப் பை. ஸ்காட்லாந்தில் காகிதப் பையை இன்றும் ‘போக்’ என்றே சொல்லுகிறார்கள்.

பன்றி எப்படிச் சாக்குக்குள் அடங்கும் என்று நேயர்கள் கேட்கலாம். முன்னாளில் ‘பிக்’ என்ற சொல் பன்றிக் குட்டியை மட்டுமே குறித்தது. அந்தக் குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். வாங்குகிற ஏழைக் குடியானவனுக்கு அது சில்லறை விஷயமன்று. அதை வளர்த்துக் கொழுக்க வைத்து, நவம்பர் வாக்கில் வெட்டி உப்பிட்டு வைத்தால்தான் குளிர்காலத்தில் அவன் வீட்டில் மாமிசம். குட்டி நோயுற்றதாக இருந்துவிட்டால் குடும்பமே வாட வேண்டியதுதான். ஆகவே, அவிழ்த்துப் பாராமல் பணத்தைக் கொடுக்காதே என்று எச்சரித்தார்கள். ஜான் ஹேவுட் 1546-ல் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இந்தப் பன்றிக் குட்டி இருக்கிறது.

பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதே பொருளில் பையிலுள்ள பூனையை வாங்குவதாகச் சொல்வார்கள். இதை வைத்து ஒரு கதையும் கிளம்பியிருக்கிறது. மோசக்கார வியாபாரி பன்றிக்குப் பதில் பூனையைக் கட்டி வைப்பானாம். சாக்கை அவிழ்த்ததும் அது வெளியே பாய, குட்டு உடைந்து போகுமாம். இரகசியத்தை வெளியிடுவதைப் ‘பூனையைப் பையிலிருந்து விடுதல்’ என்று இங்கிலீஷ்காரர் சொல்வதற்கு இதுவே காரணம் என்பார்கள். கதை ரஸமாகத்தான் இருக்கிறது, நம்புவதுதான் கடினம். பன்றிக் குட்டியின் கீச்சுக் குரலுக்கும் பூனையின் குரலுக்கும் வித்தியாசம் தெரியாத குடியானவன் எந்த ஊரில் இருந்தான்? தவிர, பூனை வழக்கு அச்சில் தலைகாட்டுவது 1760-ல். ஹேவுடுக்கு இருநூறு வருஷம் பிந்தி.

ஏமாந்தவன் நியாயஸ்தலத்துக்குப் போனால் என்ன? 1603-ல் ஒருவர் போய்ப் பார்த்தார். லோப்பஸ் என்பவருக்கு ஒரு பொற்கொல்லர், விஷத்தை முறிக்கும் ‘பெஸோர்’ கல் என்று சொல்லி ஒரு கல்லை நூறு பவுனுக்கு விற்றார். ஆட்டின் வயிற்றில் விளையும் கல் அது; அக்காலத்தில் அதற்கு அத்தனை மவுசு. வாங்கிய கல்லோ போலி. கீழ்க் கோர்ட்டில் லோப்பஸ் ஜெயித்தார். அப்பீலில் தீர்ப்பு மாறியது. “பெஸோர் கல்” என்று விற்பவர் வாயால் சொன்னது போதாது, அதற்கு உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும் என்பது நீதிபதிகளின் வாதம்! நூறு பவுன் கொடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், பன்றிக் குட்டி வாங்கியவன் எந்தக் கோர்ட்டின் படியை மிதிப்பான்? சாக்கின் முடிச்சை அவிழ்ப்பது ஒன்றே அவனுக்கிருந்த சட்டம்.

சொல்லி விற்ற சரக்கு சொன்னபடியே இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டமாக எழுதி வைத்தது 1893-ல். நம் நாட்டில் அதே ஷரத்து 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 15-வது பிரிவாக இருக்கிறது.