பொது மதிலும் தனி வாயிலும்

நாடுகள் தம் வணிகத்தைப் பெருக்க இருவகை வழிகளைக் கையாளுகின்றன. அண்டை நாடுகள் பல ஒன்றுகூடி வட்டார வணிகக் கூட்டமைப்பை உருவாக்கிக்கொள்வது ஒரு வழி. இரு நாடுகள் மட்டும் பேசி, தமக்கிடையே சுங்கவரியைக் குறைத்தோ நீக்கியோ தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொள்வது மற்றொரு வழி. ஒரு நாடு இவ்விரு வழிகளிலும் ஒருசேர நடக்க முற்படும்போது கூட்டாளிகளிடையே பூசல் தோன்றுவதுண்டு. தென் அமெரிக்க நாடாகிய உருகுவேயின் பட்டறிவு இதற்குத் தக்க சான்றாகும்.

கூட்டமைப்பின் இருவகை

வட்டாரக் கூட்டமைப்புகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஆசியான் நாடுகள் அமைத்திருப்பது தடையற்ற வணிகப் பகுதியாகும். அந்நாடுகள் தமக்குள் வரியைக் குறைத்துக்கொண்டாலும், வெளிநாட்டுப் பொருள்களுக்குரிய வரியைத் தனித்தனியே முடிவு செய்கின்றன. ஆதலால் சிங்கப்பூர் 2002-இல் ஜப்பானுடனும் 2003-இல் அமெரிக்காவுடனும் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தது. அவ்வழியே வரும் அயற்பொருள் பிற உறுப்பு நாடுகளுக்குள் சலுகை வரியில் நுழையாதவாறு, பொருள் எங்கு உருவானது என்பதை ஆராயும் பிறப்பிட விதிகள் தடுக்கின்றன.

சுங்க ஒன்றியம் இதனின்று வேறுபட்டது. அதன் உறுப்பு நாடுகள் வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பொதுவான வரியை விதிக்கின்றன. அவ்வரி, பல வீடுகளைச் சூழ எழுப்பிய பொது மதில் போன்றது. ஒரு வீட்டார் அம்மதிலில் தமக்கென ஒரு வாயில் திறந்தால், அது மற்ற வீடுகளுக்குள் நுழையவும் வழியாகிவிடும்.

மெர்கோசூரின் பொது விதி

அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளும் 1991-இல் அசன்சியோன் உடன்படிக்கையின் வாயிலாக மெர்கோசூர் என்னும் பொதுச் சந்தையைத் தோற்றுவித்தன. 1995 முதல் பொது வெளிவரி நடைமுறைக்கு வந்தது. வரிச்சலுகை தரும் ஒப்பந்தங்களைப் பிற நாடுகளுடன் கூட்டாகவே பேச வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட முடிவு வலியுறுத்தியது.

சிறிய நாட்டின் தேவை

உருகுவே ஏறத்தாழ 35 இலட்சம் மக்களைக் கொண்ட சிறிய நாடு. மாட்டிறைச்சி, சோயா, மரக்கூழ் ஆகியவை அதன் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்கள். அவற்றைப் பெருமளவில் வாங்கும் நாடு சீனா. நியூசிலாந்து 2008-இலும் ஆஸ்திரேலியா 2015-இலும் சீனாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்நாடுகளின் இறைச்சிக்குக் கிடைக்கும் வரிச்சலுகை உருகுவேயின் இறைச்சிக்கு இல்லை. கூட்டாகப் பேசலாம் என்றாலோ, பராகுவே தைவானுடன் தூதரக உறவு கொண்டுள்ளது. சீனாவுடன் அதற்கு அவ்வுறவு இல்லை.

எனவே 2021-இல், தனித்துப் பேச்சு நடத்தப்போவதாக உருகுவே அறிவித்தது. கூட்டமைப்பு உறுப்பினர்க்குச் சுமையாகிவிடக் கூடாது என அதன் குடியரசுத் தலைவர் கூற, சுமையெனக் கருதுவோர் வேறு கப்பலில் ஏறிக்கொள்ளலாம் என அர்ஜென்டினாவின் தலைவர் மறுமொழி அளித்தார். 2000-ஆம் ஆண்டின் முடிவு தன் நாட்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை என்பது உருகுவேயின் வாதம். மலிவான சீனப் பொருள்கள் தம் தொழிற்சாலைகளை நலிவுறச் செய்யும் என்பது பெரிய நாடுகளின் அச்சம்.

தீர்வை நோக்கி

2023 ஜனவரியில் பிரேசில் தலைவர் லூலா உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோவுக்குச் சென்றார். முதலில் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் பின்னர்ச் சீனாவுடனும் கூட்டாகவே பேசலாம் என அவர் கூறினார். அவ்வாண்டு நவம்பரில் உருகுவேயின் தலைவர் பெய்ஜிங் சென்றபோது இருநாட்டு உறவு மேம்படுத்தப்பட்டது. எனினும் வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 1999-இல் தொடங்கிய பேச்சு 2024 டிசம்பரில்தான் நிறைவுற்றது.

கூட்டாகப் பேசும்போது சிறிய நாட்டுக்கும் வலிமை கிடைக்கிறது. ஆனால் அப்பேச்சு கால் நூற்றாண்டு நீளுமாயின், அதனால் ஏற்படும் இழப்பைச் சிறிய நாட்டின் உழவரும் தொழிலாளரும் சுமக்க நேர்கிறது. விதியைக் காக்குமாறு கேட்கும் உரிமை பெரிய நாடுகளுக்கு உண்டு. அவ்விதியால் துன்புறும் உறுப்பினர்க்கு உரிய காலத்தில் வழிகாணும் கடமையும் அவற்றுக்கு உண்டு. உரிமையும் கடமையும் இணையும்போதுதான் கூட்டமைப்பு நிலைத்து நிற்கும்.